ஓடி வர வேண்டாம் என்று ஒரு செய்தி

ஊசி அந்த ஐயாவின் கையில் ஏறியிருந்த நேரம் பார்த்துத்தான் என் சட்டைப் பைக்குள் இருந்த போன் அலறியது.

வேலை நேரத்தில் நான் போனைச் சத்தம் போட விடுவதில்லை. பாடசாலையின் அவசரச் செய்திக்கு மட்டும் தனிச் சத்தம், அம்புலன்ஸ் சத்தம். அதைத் தேடிப் பிடித்துப் போட்டுத் தந்தவள் என் மகள் ஷெரின். மூன்றாம் வகுப்பு. "அம்மா, இது கேட்டா நீங்கள் ஓடி வரோணும், சரியா?" என்று விரலை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தேன்.

எனக்கு வேலை வெள்ளவத்தையில், காலி வீதியோரத்தில் உள்ள ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் நரம்பு தேடிக் குத்துவதுதான் தொழில். அன்று குழாயில் பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே உருவிக்கொண்டு ஓட முடியுமா?

"பிள்ளை, உமக்குக் கை நடுங்குது" என்றார் ஐயா.

"இல்லை ஐயா, ஒண்டுமில்லை."

"நடுங்குற கையால என்னைக் குத்திப்போட்டு ஒண்டுமில்லை எண்டா என்ன கதை? முதல்ல போனைப் பாரும்."

குழாய் நிறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு பஞ்சை வைத்து, அவரையே அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். செய்தி மூன்று மொழியிலும் இருந்தது. "அவசர நிலை. பாடசாலைக் கட்டடத்தில் தீ. பிள்ளைகளை உடனடியாக அழைத்துச் செல்லவும்."

ஷெரினுக்கு வீசிங் இருக்கிறது. பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டாலே இழுக்கத் தொடங்கிவிடும். இன்ஹேலரைக் காலையில் பையில் வைத்தேனா? வைத்த மாதிரியும் இருந்தது, வைக்காத மாதிரியும் இருந்தது. கையுறையைக் கழற்றக்கூட மறந்து படியிறங்கினேன்.

இன்னும் கொள்ளுப்பிட்டியா!

ஷெரினின் பாடசாலை கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையிலிருந்து அங்கே போவது என்றால் கொழும்பின் ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிக்குப் போகிற மாதிரி. அந்தப் பக்கம் போகிற மட்டக்குளி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றால் பொழுது போய்விடும். ஓட்டோ ஒன்றை மறித்து, தம்பி, கொட்டாஞ்சேனைக்குக் கெதியாய்ப் போ என்று சிங்களத்தில் கத்தினேன்.

"மல்லி, கொட்டஹேன. இக்மனட்ட!"

"மொகத அக்கே?"

"துவகே இஸ்கோலே கின்னக்."

என்ன அக்கா என்று கேட்டவன், மகளின் பள்ளிக்கூடத்தில் நெருப்பு என்றதும் முறுக்கினான் அந்தப் பெடியன். பம்பலப்பிட்டியில் நடைபாதையில் ஏறி இறங்கினான். பஸ்காரன் ஒருவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நல்லாய் இருக்கட்டும்.

கட்டாரில் இருக்கிற என் கணவர் ஜூட்டுக்கும் அதே செய்தி போயிருந்தது. அவர் போன் எடுக்க, நான் வெட்ட, திரும்ப எடுக்க, கடைசியில் காதில் வைத்தேன்.

"நிம்மி, பிள்ளை எங்க?"

"போய்க்கொண்டிருக்கிறன்."

"எங்க நிக்கிறாய்?"

"கொள்ளுப்பிட்டி."

"இன்னும் கொள்ளுப்பிட்டியா!"

"அப்ப நீங்கள் வந்து ஓட்டுங்கோவன்!"

கத்திவிட்டு வைத்தேன். பாவம் அந்த மனுசன். அங்கே பாலைவனத்து வெயிலில் நின்றுகொண்டு என்னதான் செய்வார்? ஆனால் அந்த நேரத்தில் எனக்கு யாரையாவது கத்த வேண்டியிருந்தது.

மண்ணெண்ணெய் வாசம்

பாடசாலை ஒழுங்கைக்குள் திரும்பியதுமே எனக்கு வாசம் பிடிபட்டது. கொழும்பில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது என்ன வாசம் என்று. மண்ணெண்ணெய் கலந்த மாதிரி, தொண்டையில் போய் ஒட்டுகிற வெள்ளைப் புகை. நுளம்புக்கு அடிக்கிற புகை!

நடந்தது இதுதான். பாடசாலையின் பின்பக்கத்துச் சாக்கடைக் கானில் டெங்கு நுளம்புக்குப் புகை அடித்திருக்கிறார்கள். காற்று அதை அப்படியே மூன்றாம் வகுப்பு வராந்தாவுக்குள் தள்ளியிருக்கிறது. அங்கே கூரையில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியது மாதிரி புகை காட்டும் கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நுளம்பும் தெரியாது, டெங்கும் தெரியாது. புகை என்றால் நெருப்பு. மணி அடித்தது. அந்த மணியோடு இணைத்திருந்த கம்பியூட்டர், ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லாப் பெற்றோருக்கும் செய்தியை அனுப்பிவிட்டது.

ஷெரின் மைதானத்தில் மரத்துக்குக் கீழே லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தாள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னாள்: "பாத்தியா, என்ட அம்மா வருவா எண்டு சொன்னன்தானே!"

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடிந்ததும் வந்தது பாருங்கள் ஒரு கோபம்! அதிபரைத் தேடிக்கொண்டு ஒபிஸ் பக்கம் போனேன். அப்போதுதான் கேற் வாசலில் கூட்டம் கூடியிருப்பதைக் கண்டேன்.

அன்ரன் அண்ணா நிலத்தில் கிடந்தார். ஷெரினின் வகுப்பில் படிக்கும் ரொஷானின் அப்பா. துறைமுகத்தில் கிளார்க். செய்தியைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தவர், வளைவில் வழுக்கி, நின்றிருந்த லொறியில் மோதியிருக்கிறார். கால் போகக்கூடாத பக்கத்துக்குப் போயிருந்தது. அப்படிக் கிடந்துகொண்டும், "ரொஷான் வெளியில வந்திட்டானா? ரொஷான் வந்திட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இல்லாத நெருப்புக்கு ஒரு மனிதனின் கால் உடைந்தது.

அப்பாவின் அறை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் பழக்கம் தெரியும்.

நானும் கொட்டாஞ்சேனையில்தான் படித்தவள். அது சண்டைக் காலம். கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் எங்களுக்குச் செய்தி வருவது போனில் அல்ல. முதலில் யன்னல் கண்ணாடி அதிரும். ரீச்சர் சோக் கட்டியை வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பா. கொஞ்ச நேரத்தில் கேற்றில் தாய் தகப்பன்மார் நிற்பார்கள். பாத்ரூம் செருப்போடு வந்தவர்கள், கையில் கரண்டியோடு வந்தவர்கள் எல்லாரையும் கண்டிருக்கிறேன்.

அப்படி ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் மிச்சம். அப்பாவுக்கு மருதானையில் ஒரு கடையில் வேலை. பாதை எல்லாம் அடைத்திருந்தார்கள். நான் கேற் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கம்பியின் துரு வாசம் இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

கடைசியில் அப்பா நடந்தே வந்தார். சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் பளார் என்று கன்னத்தில் ஒரு அறை. ஏன் என்று அவருக்கும் தெரியாது. பிறகு வழியில் ஐஸ் பழம் வாங்கித் தந்தார். நான் அறையை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அவர் வந்தார், அது போதும்.

பிறகு சண்டை முடிந்தது. இனி இந்தத் தொல்லை இல்லை என்று இருந்தோம். தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கிறவர்களுக்கு எழுதிக் காட்டத் தேவையும் இல்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள் உள்ளே இருப்பது தெரிகிற பைகளோடு பள்ளிக்கூடம் போனார்கள். பெற்றோர் நாங்கள் முறை வைத்துக் கேற்றில் காவல் நின்றோம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து இந்த மணியையும் செய்தி அனுப்பும் ஏற்பாட்டையும் போட்டுத் தந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த ஒரே தவணையில், நுளம்புப் புகைக்கு முன்பே அது இரண்டு தடவை பொய்யாக அலறியிருந்தது. முதல் தடவை பொங்கல் விழாவுக்குக் கற்பூரம் கொளுத்தியபோது. அடுத்தது கன்ரீனில் செத்தல் மிளகாய் பொரித்தபோது. ஒவ்வொரு முறையும் நான் ஓடினேன். ஒவ்வொரு முறையும் ஷெரின் "பாத்தியா, என்ட அம்மா" என்றாள்.

கத்துகிறவளுக்குக் கமிட்டி

நுளம்புப் புகைக்குப் பிறகு அதிபர் அறையில் நான் போட்ட சத்தம் மைதானம்வரை கேட்டதாம். அதிபர் மெடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நிர்மலா, நீங்களே பாதுகாப்புக் கமிட்டிக்கு வாங்கோ" என்றார். கத்துகிறவர்களைக் கமிட்டியில் போட்டால் பாதிச் சத்தம் அடங்கும். அது தெரிந்தவர்தான் அதிபராக இருக்கிறார்.

முதல் கூட்டத்துக்கு அன்ரன் அண்ணாவும் வந்தார். காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். இந்த மனிதன் என் பக்கம் பேசாமல் வேறு யார் பேசப் போகிறார்?

"இனிமேல் ஒரு ஆள் போய்க் கண்ணால பாத்து, நெருப்புத்தான் எண்டு உறுதியான பிறகுதான் பெற்றோருக்கு மெசேஜ் போகோணும்" என்றேன் நான்.

"பாக்கப் போன ஆள் திரும்பி வராட்டி?" என்றார் அன்ரன் அண்ணா.

"என்ன அண்ணா கதைக்கிறீங்கள்? பொய் மெசேஜுக்குக் காலை உடைச்சவரே நீங்கள்தானே!"

"கால் ஒட்டிடும் தங்கச்சி."

"ஒட்டிடுமா? அண்டைக்கு லொறிக்குக் கீழ போயிருந்தா?"

"போயிருந்தா போயிருப்பன். எனக்குப் பொய்யா வந்தாலும் பரவாயில்லை. வராம மட்டும் இருக்கக்கூடாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது என்ன பிடிவாதம் என்று கேட்டுவிட்டேன். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஈஸ்டருக்கு என்ட அக்கா பூசைக்குப் போனவ. நான் வீட்டில போனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தன். அவவின்ட நம்பர்ல இருந்து ஒண்டும் வரேல்ல. ஆசுபத்திரியில இருந்தும் வரேல்ல. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. பின்னேரம் வரைக்கும் அந்தப் போன் சும்மா கிடந்தது. பொய்யா ஒரு மெசேஜ் வந்திருந்தாக்கூட நான் எழும்பி ஓடியிருப்பன் தங்கச்சி. ஓடுறதுக்கு ஒரு இடம் இருந்திருக்கும்."

  எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம் என் நெஞ்சுக்குள் இன்னொரு எண்ணமும் விடாமல் நின்றது. இப்படியே பொய்யாக அலறிக்கொண்டிருந்தால், அடுத்த தடவை கிடப்பது யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவின் உடம்பாக இருக்கும்.

ஒரு முடிவும் எடுக்காமல் கூட்டம் கலைந்தது. "ஒரு முடிவு வரும்வரைக்கும் தற்காலிகமா ஏதாவது செய்வம்" என்றார் அதிபர் மெடம்.

நிம்மதியான நாட்கள்

அந்தத் தற்காலிகம் என்ன என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் அது வேலை செய்தது.

ஒரு மாதம் போனது. இன்னொரு மாதமும் போனது. அம்புலன்ஸ் சத்தம் வரவே இல்லை. கான் பக்கம் திரும்பவும் நுளம்புப் புகை அடித்தார்கள், ஷெரின் வந்து சொன்னாள். மணி அடிக்கவில்லை. கன்ரீனில் மிளகாய் பொரித்தார்கள். அடிக்கவில்லை. அதிபர் மெடம் என்னைக் கண்ட இடத்தில், "பாத்தீங்களா நிர்மலா, இப்ப ஒரு பிழையான மெசேஜும் இல்லை" என்று சிரித்தார்.

நான் நன்றாகத் தூங்கினேன். ஊசி குத்தும்போது கை நடுங்கவில்லை. ஜூட்டிடம்கூட, "கமிட்டிக்கு நான் போனதுதான் காரணம்" என்று பெருமை அடித்தேன்.

தவணை முடிவில் பெற்றோர் சந்திப்புக்குப் போனேன். ரீச்சர் முன்னால் இருந்த தாயோடு கதைத்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் அன்ரன் அண்ணா. மாவுக்கட்டைக் கழற்றிவிட்டார்கள், ஊன்றுகோல் மட்டும் மிச்சம். எனக்குக் கழுத்து வலித்தது. தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தேன்.

கூரையில் இருந்த வெள்ளைக் கிண்ணம் பளபளத்தது.

எழுந்து நின்று பார்த்தேன். லஞ்ச் ஷீட். கடையில் சோறு கட்டித் தருகிற அதே மெல்லிய பொலித்தீன் தாள். புகை காட்டும் கருவியின் வாயைச் சுற்றி மூடி, சிவப்பு ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார்கள். அடுத்ததிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். வராந்தா முழுக்க, கன்ரீன் வாசல்வரை, ஒவ்வொரு கருவிக்கும் முகத்தை மூடிக் கட்டியிருந்தார்கள். ஒன்றில் பருப்புக் கறியின் மஞ்சள் கறைகூட இருந்தது. கழுவிப் பாவித்திருக்கிறார்கள்!

"அண்ணா" என்றேன்.  விரலால் காட்டினேன்.

பாடசாலையில் மின்சார வேலை, குழாய் வேலை எல்லாம் பார்க்கும் சுனில் அய்யே அந்தப் பக்கம் வந்தார். இது யார் கட்டியது என்று கேட்டேன்.

"மம தமய். மெடம் பந்தின்ன கிவ்வா."

நான்தான் கட்டினேன், மெடம் கட்டச் சொன்னார். புகை அடிக்கிற நாளுக்குக் கட்டியதாம். சரி, பிறகு ஏன் அவிழ்க்கவில்லை?

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "லிஹன்ன கிவ்வே நேனே."

அவிழ்க்கச் சொல்லவில்லையே! அவரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? மெடம் தற்காலிகம் என்றார், அவர் கட்டினார், மணி அடிக்காமல் இருந்தது, எல்லாருக்கும் வசதியாக இருந்தது. ஒருவருக்கும் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

 நான் நிம்மதியாகத் தூங்கிய அத்தனை இரவும், அடுத்த நாள் காலையில் பிள்ளையை அனுப்பியது கண் கட்டிய ஒரு கட்டடத்துக்குள். மூச்சு இழுக்கிற பிள்ளையை!

  அன்ரன் அண்ணா பையிலிருந்து போனை எடுத்து, அதன் கறுத்த திரையைப் பார்த்தார்.

"திரும்பவும் சும்மா கிடந்திருக்கு, தங்கச்சி" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மேசை ஒன்றை இழுத்துப் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். ரீச்சர் ஓடி வந்தார், "ஐயோ மிஸிஸ் ஜூட், விழப்போறீங்கள்!" என்றார். அன்ரன் அண்ணா எழுந்து, ஊன்றுகோலை மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்துப் பிடித்தார். ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்தேன். ரப்பர் வளையம் தெறித்து என் முகத்தில் பட்டது.

தெரிந்ததை மட்டும்

அன்றைக்கே கன்ரீன் வாங்கில் உட்கார்ந்து பிளேன்ரீயும் மீன் அடைத்த மாலுபாணும் வைத்துக்கொண்டு நானும் அன்ரன் அண்ணாவும் பேசித் தீர்த்தோம். பேசித் தீர்த்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டை பிடித்தோம்.

அவருக்கு, மணி அடித்த அந்த நிமிடமே செய்தி வர வேண்டும். எனக்கு, பொய் வரக்கூடாது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

"சரி, அந்த மெசேஜில என்ன இருந்தது?" என்று கேட்டார் அவர்.

"கட்டடத்தில தீ எண்டு."

"தீ எண்டு அந்த மெஷினுக்கு எப்பிடித் தெரியும்? மணி அடிச்சதுதானே தெரியும்?"

நான் மாலுபாணைக் கீழே வைத்தேன். அதுதானே! பொய்யாக இருந்தது மணி அல்ல, நாங்கள் எழுதி வைத்திருந்த வசனம். கருவிக்குத் தெரிந்தது புகை மட்டும். தீ என்றதும், அவசர நிலை என்றதும், உடனே வந்து கூட்டிக்கொண்டு போ என்றதும் நாங்களே சேர்த்த சங்கதி.

"அப்ப தெரிஞ்சதை மட்டும் சொல்லட்டும் அண்ணா. மணி அடிச்சது, பிள்ளைகள் மைதானத்தில, பாக்கப் போயிருக்கிறம். பாத்த பிறகு என்ன எண்டு ரெண்டாவது மெசேஜ்."

"முதலாவது உடன வரோணும்."

"உடன வரும். ஆனா ஓடி வர வேண்டாம் எண்டும் அதில போடோணும். உங்கட கால் மாதிரி இன்னொரு கால் எனக்கு வேண்டாம்."

அவர் பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். பிறகு, "அது நீங்கள் எழுதுங்கோ. எனக்கு அந்த வரி எழுத வராது" என்றார்.

நான்தான் எழுதினேன். "தயவுசெய்து ஓடி வர வேண்டாம். அடுத்த செய்திக்குக் காத்திருக்கவும்." சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ரீச்சர்மார் மாற்றித் தந்தார்கள். கன்ரீன் பக்கத்துக் கருவியைக் கழற்றிவிட்டு, புகைக்கு அல்லாமல் சூட்டுக்கு மட்டும் அடிக்கிற ஒன்றைப் போட்டார்கள். புகை அடிக்கிற நாளில் லஞ்ச் ஷீட் கட்டுவதில்லை. அந்த வராந்தாவின் கருவிகளை மட்டும் மணியின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நிறுத்தி வைத்து, திரும்பப் போடும்வரை ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும். அதிபர் மெடம் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். லஞ்ச் ஷீட்டைக் கண்ட நாளிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லையாம்.

மீண்டும் அம்புலன்ஸ் சத்தம்

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு அம்மாவின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். போன் அலறியது.

"மூன்றாம் வகுப்பு வராந்தாவில் மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். பார்க்கப் போயிருக்கிறோம். தயவுசெய்து ஓடி வர வேண்டாம். அடுத்த செய்திக்குக் காத்திருக்கவும்."

நான் எழுதிய வரி, எனக்கே வந்து நின்றது.

கால் தானாகவே வாசல் பக்கம் திரும்பியது. பிடித்து நிறுத்தினேன். நீயே ஓடினால் மற்றவர்கள் எப்படி நிற்பார்கள் என்று என்னையே ஏசினேன். ஜூட் போன் எடுத்தார்.

"என்ன நிம்மி? நுளம்பா?"

"தெரியாது. இருங்கோ, அடுத்த மெசேஜ் வரும்."

"நீ போகேல்லையா?"

"இருங்கோ எண்டு சொல்றன்!"

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? ஓடுகிறபோது பயம் காலுக்குள் போய்விடும். உட்கார்ந்திருந்தால் அது நெஞ்சுக்குள்ளேயே இருந்து தின்னும். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த அம்மா, "உங்களுக்குத் தண்ணி வேணுமா மகள்?" என்று கேட்டா. இரத்தம் கொடுக்க வந்தவ!

இரண்டாவது செய்தி வந்தது. "வகுப்பறைப் பக்கத்துக் களஞ்சிய அறையில் வயர் எரிந்து சிறு தீ ஏற்பட்டது. அணைக்கப்பட்டது. பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை."

தீ. இந்த முறை உண்மை.

களஞ்சிய அறை வாசலில் இருந்த கருவிதான் முதலில் அடித்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. பருப்புக் கறை படிந்த லஞ்ச் ஷீட்டை நான் பிய்த்து எறிந்தேனே, அதே கருவி. உள்ளே பழைய கடதாசிக் கட்டுகள் கூரை முட்ட அடுக்கியிருந்தனவாம். கதவுக்கு இந்தப் பக்கம் ஷெரினின் வகுப்பு. அன்றைக்கு அந்தச் சின்னக் கதிரையில் என் கழுத்து வலிக்காமல் இருந்திருந்தால்? 

நான் ஓடவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு நானே கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் ஏற்பாடு சரியாக வேலை செய்தது. ஒருவரும் விழவில்லை, ஒருவருக்கும் கால் உடையவில்லை.

ஷெரின் ஸ்கூல் வேனில் வழக்கம் போல வந்து, உடுப்பு மாற்றாமல் செற்றியில் உட்கார்ந்திருந்தாள். கட்டிப் பிடித்தேன். விறைத்தபடி இருந்தாள்.

"பயந்திட்டீங்களா செல்லம்?"

"இல்லை."

"பிறகென்ன?"

அவள் சப்பாத்து லேஸைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ரொஷான்ட அப்பா வந்தவர். உள்ள விடேல்ல. கேற்றுக்கு வெளியில நிண்டவர், தடியோட. ரொஷானுக்குக் கை காட்டினவர்." லேஸை இழுத்து அவிழ்த்தாள். "நான் எல்லாருக்கும் சொன்னன், என்ட அம்மா வருவா எண்டு. நான் கேற்றையே பாத்துக்கொண்டு நிண்டன்."

"வரவேண்டாம் எண்டு மெசேஜ்..."

"நுளம்புக்கு வந்தீங்கள். மிளகாய்க்கு வந்தீங்கள். நெருப்புக்கு ஏன் வரேல்ல?"

என்னிடம் பதில் இருந்தது. கமிட்டியில் இரண்டு மணித்தியாலம் பேசக்கூடிய பதில். ஆனால் என் உள்ளங்கையில் கேற் கம்பியின் துரு மணத்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தேன். பாதியிலேயே மன்னித்துவிட்டாள், என் மகள்தானே.

"ஓடி வர வேண்டாம்" என்ற வரி இன்றைக்கும் அந்தச் செய்தியில் இருக்கிறது. நல்ல வரி, தேவையான வரி, கமிட்டியில் யார் வந்து மாற்றச் சொன்னாலும் விடமாட்டேன். ஆனால் அடுத்த முறை அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நான் போவேன். ஓட மாட்டேன், பஸ்ஸில்தான் போவேன், கேற்றுக்கு வெளியில்தான் நிற்பேன். கம்பிக்குப் பக்கத்தில், பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி ஓர் இடம் பிடித்து வைக்கச் சொல்லி அன்ரன் அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன்.